ஆயா என்ற சொல்

"ஏ ஆயா, இங்கன வா!" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி கத்தினாள். நரைத்த தலையோடு ஒரு பெண் ஓடினாள். கட்டிலில் கிடந்த எனக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் என் அம்மா, தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தாள். 'ஆயா' போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சொல் என்று பின்னாளில் படித்தேன். பிரபு வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு அவர்கள் நாட்டில் அது மரியாதைப் பெயராம். இந்திக்கும் இங்கிலீஷுக்கும் போன அந்தச் சொல், அம்மாவிடம் வந்தபோது மரியாதை கழன்றிருந்தது. செபஸ்தியம்மாள் என்ற அவள் பெயர் பங்களாவில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. பங்களா வாசலுக்கு ஓடி, "அம்மா! அம்மா!" என்று அலறினேன். தோட்டத்திலிருந்த வெள்ளைக்காரரின் மனைவி, துரைசானிதான் திரும்பினாள். பக்கத்தில் நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். துரைசானியின் மகன் "ஆயா!" என்றதும் அவனிடம் போனாள்.

சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தாள். தம்பியின் நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

"கூப்பிட்டேனே, ஏன் திரும்பல?"

"ஏளா, அங்கன அம்மான்னா அவங்கதான். நான் ஆயா."

அவள் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

இன்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நர்ஸைக் கூப்பிட்டு, நரைத்த தலைப் பெண்ணைக் காட்டினேன். "அவளுக்குப் பேர் கிடையாதா?"

"இருக்கும் பாட்டி," என்றாள் நர்ஸ். "நாங்க ஆயான்னுதான் கூப்பிடுதோம்."