ஒட்டகம் படுத்த சந்து

எங்கள் சந்துக்கு ஒட்டகச் சந்து என்று பெயர். திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரிந்து, இரண்டு வளைவு வளைந்து, ஒரு சாக்கடையில் போய் முடிகிற சந்து. ஒட்டகம் என்ன, கொழுத்த எருமை ஒன்று வந்தாலே எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், ஏன் இந்தப் பெயர் என்று மாமியாரைக் கேட்டேன்.

"பேருன்னா பேருதான். உனக்கு வச்ச பேருக்கு அர்த்தம் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லைதான். அதோடு விட்டுவிட்டேன்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 'கப்பலில் இடமில்லை. நடந்து வருகிறோம். கவலைப்படாதே' என்று ஒரு கார்டு வந்தது. பர்மாவிலிருந்து நடந்து வருகிறேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கவலைப்படாதே என்று எழுத ஆண்பிள்ளைகளால்தான் முடியும். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் முனிசிபாலிட்டிக்கு எங்கள் சந்தின் மேல் அன்பு பொங்கியது. ஊரைவிட்டுப் போகவிருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரைக் கௌரவிக்க வேண்டுமாம். நல்ல வீதிகளெல்லாம் ஏற்கெனவே பெரிய துரைகளுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது நாங்கள்தான். ஒரு காலையில் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து, சந்து முனையில் நீலத் தகரப் பலகையை அடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் துரையின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் முதலில் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்ப வேண்டும். துரை எங்கள் சந்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. வந்து சாக்கடையைப் பார்த்திருந்தால் பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். எதிர்வீட்டில் அத்தர்க்கடை பாய் இருந்தார். நாகூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் மகள் எழுதிய கடிதம், 'இப்படி ஒரு சந்து இல்லை' என்று அவளுக்கே திரும்பிப் போயிற்று. சந்தே இல்லையென்றால் வாப்பா என்ன ஆனாரோ என்று அந்தப் பெண் அழுதுகொண்டே ரயிலேறி வந்துவிட்டாள். வாசலில் பாய் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். தபால்காரர் ஊருக்குப் புதியவர், பலகையில் இருப்பதைத்தான் நம்புவேன் என்கிறவர்.

அதோடு என் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் எந்த முகாமில் கிடக்கிறாரோ, எந்தப் புண்ணியவானிடம் விலாசம் சொல்கிறாரோ! சொன்னால் ஒட்டகச் சந்து என்றுதானே சொல்வார்?

நானும் மாமியாரும் பாயும் முனிசிபல் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. யார் வரவேண்டும், பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? மாமியார்தான் சொன்னார். நான் சந்தின் பெயரைச் சொன்னேன், பழைய பெயரை.

"பழைய பேரைத் திருப்பித் தர்றதுல எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லேம்மா. ஆனா காரணம்னு ஒண்ணு வேணுமோல்லியோ? எங்க ஊர்ல பெருமாள் சித்திரைத் தேர்ல எழுந்தருளற வீதி சித்திரை வீதி. தேர் இருக்கு, வீதி இருக்கு. உங்க சந்துல ஒட்டகம் எங்கே?"

"நவாப் காலத்துல இருந்துச்சுங்க" என்றார் பாய்.

"பார்த்தவா யாராவது உண்டா?"

"நவாபையே பார்த்தவங்க யாரும் இல்லீங்களே!"

வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், அதற்குள் ஏதாவது ஆதாரம் தேடி வைக்கும்படியும் சொல்லி எங்களை அனுப்பினார்.

ஆதாரம் தேடக் கிளம்பியதில் சந்தே இரண்டுபட்டது. கோட்டைக்குப் பீரங்கிக் குண்டு சுமந்த ஒட்டகங்கள் இங்கே இளைப்பாறின என்றது ஒரு கட்சி. மூலை வீட்டுக்காரரின் பாட்டனாருக்குக் கழுத்து நீளம், அவரால் வந்த பெயர்தான் என்றது இன்னொரு கட்சி. மூலை வீட்டில் எல்லோரும் அன்றைக்கே எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லலாம். உண்மையிலேயே கொஞ்சம் நீளம்தான்.

"ஆதாரந்தானே கேக்குறாரு?" என்றார் பாய். "கொண்டாந்து கட்டிருவோம் தங்கச்சி."

வையம்பட்டிச் சந்தையில் ஒட்டகத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஒட்டகம் வந்து சேர்ந்தது. முதல் வளைவுவரை மரியாதையாகத்தான் வந்தது. எங்கள் வாசலை எட்டியதும் முட்டியை மடித்துப் படுத்துக்கொண்டது. சந்து அடைபட்டது. படுத்தபடியே கழுத்தை நீட்டி, ஓட்டுக்கூரையின் ஓரத்தில் காய்ந்த வடாத்தை முறத்தோடு இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"என் புள்ள வந்தா பொரிக்கணும்னு போட்ட வடாம்! நீ நாசமாப் போக!" என்று மாமியார் விளக்குமாற்றால் அதன் மூக்கில் போட்டார். ஒட்டகம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மென்றது.

அதிகாரி குடையும் கையுமாக வந்து, ஒட்டகத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். நாங்கள் இந்தப் பக்கம். விசாரணை அதன் முதுகுக்கு மேலே நடந்தது.

"இப்போ ஒட்டகம் இருக்குங்கறதை ஒத்துக்கறேன். முன்னாலே இருந்ததுக்கு இது எப்படி ஆதாரமாகும்?"

"பழக்கமில்லாத எடத்துல இவ்வளவு சொந்தமா படுக்குமாங்க?" என்றார் பாய்.

அதிகாரி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, ஒட்டகம் இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க? அவருக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா அவரு எங்கேன்னு கேட்டு வருவாரு?"

அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பெருமாள் கொண்டுவந்து சேர்ப்பார்ம்மா. நான் எழுதிப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவும் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நானறிந்தவரை இன்னும் பரிசீலனையில்தான் உள்ளது.

ஒட்டகத்தைக் கொண்டுவரத் தெரிந்த பாய்க்கு அதை எழுப்பத் தெரியவில்லை. அதன் சொந்தக்காரன் கெஞ்சினான், வைதான், கடைசியில் அதன் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டான். செய்தி பரவி ஊரே திரண்டது. உறையூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சுண்டல்காரர் சந்து முனையில் கடை போட்டார். ஜட்காக்காரர்கள் ஜங்ஷனில் நின்று, "ஒட்டகம் படுத்த சந்து! ஒட்டகம் படுத்த சந்து!" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். விமானத் தாக்குதல் ஒத்திகைக்காக ஒருநாள் சங்கு ஊதினார்கள். நாங்கள் எல்லோரும் கட்டிலுக்கடியில் புகுந்தோம். ஒட்டகம் எழுந்து, எங்கள் துணிக்கொடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெப்பக்குளம் பக்கம் நடந்துபோயிற்று. மாமியாரின் சுங்குடிச் சேலையும் கூடவே போயிற்று.

ஆடி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், சந்து முனையில் ஜட்கா வந்து நின்றது. முசிறிக்காரர் ஒருவர் ஒரு எலும்புக்கூட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். தாடியும் காய்ச்சலுமாக இருந்த அந்த எலும்புக்கூடு என் வீட்டுக்காரர்தான் என்று, அதன் பாதம் வாசற்படியில் பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் தானாகவே தலையைக் குனிந்தார்.

"கல்கத்தாவுலேர்ந்து கூடவே வரேங்கம்மா" என்றார் முசிறிக்காரர். "வழியெல்லாம் ஒட்டகச் சந்து, ஒட்டகச் சந்துன்னுதான் பேச்சு. ஜுரத்துல உளறுறாருன்னு நெனச்சேன். ஜங்ஷன்ல போலீஸ்காரரைக் கேட்டா அப்படி ஒரு சந்தே இல்லேன்னுட்டாரு. தர்மாஸ்பத்திரியில விட்டுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். இந்த ஜட்காக்காரருதான், ஒட்டகம் படுத்த சந்துதானே, ஊருக்கே தெரியுமே, ஏறுங்கன்னாரு."

மாமியார் ஓவென்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் பட்ட பாட்டுக்கு, வழியில் ஒரு தடவையாவது என் பெயரைச் சொன்னாரா என்று முசிறிக்காரரைக் கேட்டுவிட்டேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன்.

அவர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "இல்லீங்களே. சந்து பேரு மட்டுந்தான்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் பேரைச் சொல்லியிருந்தா ஜட்காக்காரனுக்கு என்னடி தெரியும்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கஞ்சி வைக்க உள்ளே போனேன்.