நான்கு ராணிகளோடு நிறுத்திக்கொண்டவர்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர்களில் மறைந்தவரைச் சாந்தமானவர், யார் மனமும் நோகப் பேசாதவர் என்று எழுதுவது வழக்கம். அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பழைய தழும்பைத் தடவிக்கொண்டு சிரிப்பார்கள். அண்ணன் அடிதடிக்காரர். பிறர் சொல்வதற்கு முன் தங்கையான நானே எழுதிவிடுகிறேன்.

பாரிவாக்கத்தில் பிறந்தார். அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் காலமானதும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், எனக்குக் கல்யாணமும் ஆனது. வேலை போக மீதி நேரமெல்லாம் அவர் கையில் சீட்டுக்கட்டு இருக்கும். சூதாட அல்ல, வித்தை காட்ட. சூதாடக் கூப்பிட்ட ஒருவரின் மூக்கை உடைத்தும் இருக்கிறார்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சீப்பு விற்ற பாய் ஒருவரிடம்தான் முதல் வித்தையைக் கற்றார். அண்ணனிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வித்தையானாலும் தொடங்குமுன் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது இன்னார் குடுத்தது" என்று உரக்கச் சொல்வார். கல்யாண வீட்டில் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதைச் சொல்லாமல் முதல் சீட்டைத் தொட்டதில்லை.

பாயிடம் கற்ற கைவேலையை வைத்து அண்ணன் தாமே கட்டிய வித்தைதான் 'நாலு ஓரகத்திகள்'. மாமியார்க்காரி நான்கு மருமகள்களையும் சேரவிடாமல் நான்கு வீட்டில் பிரித்து வைக்கிறாள். மருமகள்கள் நான்கு ராணிச் சீட்டுகள். மாமியார் ஒரு ஜோக்கர். அதை வாசலில் காவலாகக் கவிழ்த்து வைப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராணிகள் ஒவ்வொருவராக மாயமாகி, கடைசியில் நான்கு பேரும் ஒரே வீட்டு அடுப்படியில் இருப்பார்கள். மாமியாரின் இருமல்கூட எங்கள் அம்மாவின் இருமல்தான்.

பட்டறையில் அண்ணனுக்கு உயிர்த் தோழர் தேவராஜ். அவரும் சீட்டு வித்தைக்காரர். ஓர் ஆயுத பூஜையன்று பட்டறை மேடையில் முதலில் ஏறியவர் அவர்தான். ஏறியவுடன் 'நாலு ஓரகத்திகள்' செய்தார். கதை, அம்மாவின் இருமல், எல்லாம் அப்படியே. அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. ராணிகள் சேர்ந்த பிறகு ஒன்று கூடுதலாகச் செய்தார். காவலுக்கு வைத்த ஜோக்கரைத் திருப்பினார். அதுவும் ராணியாகியிருந்தது. "மாமியாரும் ஒரு காலத்துல மருமகதான்யா" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டலில் தகரக் கூரையே அதிர்ந்தது.

கைதட்டல் அடங்குமுன் அண்ணன் மேடையில் இருந்தார். முதல் குத்திலேயே தேவராஜின் முன்பல் விழுந்தது. திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காயின் மேல் இருவரும் உருண்டார்கள். குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. இதுவும் வித்தைதான் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அண்ணன் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, "யாரோடதுன்னு சொல்றா! சொல்லு!" என்று கத்தினார்.

தேவராஜ் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "கடேசி என்னுதுடா!" என்றார்.

அதற்கும் அவருக்கு ஓர் அறை விழுந்தது.

அடுத்த ஞாயிறு காலை தேவராஜின் மச்சினர்கள் சைக்கிள் செயினோடு எங்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். அண்ணனின் முதுகைக் கிழித்தார்கள். பிறகு வலது கையை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துக் கதவை உதைத்தார்கள். எலும்பு நொறுங்கிய சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. நான் அம்மியிலிருந்த குழவியைத் தூக்கி எறிந்தேன். ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

அந்தக் கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. அண்ணன் இடது கையைப் பழக்கி மறுபடி வித்தை காட்டினார். ஆனால் தேவராஜ் செய்ததைப் பார்த்திருந்தவர்கள், "அஞ்சாவது ராணி எங்க?" என்று கேட்டார்கள். முகப்பேரில் ஒரு வரவேற்பில் அப்படிக் கேட்டவர் மீது அண்ணன் சோடா பாட்டிலை வீசினார். நல்லவேளையாக அது சுவரில் பட்டது. அந்த முடிவு இல்லாமல் தம் வித்தை மொட்டையாக நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் அவரை அரித்தது.

என் மகளின் காதுகுத்து வானகரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. அன்று அண்ணன் நான்கு ராணிகளையும் சேர்த்தார். பிறகு ஜோக்கரைத் திருப்பினார். ஐந்தாவது ராணி! கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்த முடிவு தேவராஜோடது. நான் பல்ல ஒடைச்ச தேவராஜு" என்றார். நான் அழுதுவிட்டேன்.

சேதி கேட்டு மறுநாளே தேவராஜ் வந்தார். எங்கள் வீட்டெதிரே டீக்கடையில் நின்ற அண்ணனை ஓங்கி அறைந்தார். டீ கிளாஸ் சிதறியது.

"எம் பேர சொல்லிட்டா ஆச்சா? என்னிய கேட்டியாடா?"

அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. அடிக்காத அண்ணனை அன்றுதான் பார்த்தேன். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கேக்காதது தப்புதான் மச்சான். இப்ப கேக்குறேன். குடு" என்றார்.

"அன்னிக்கி மேடையில வாயால கேக்காம கையால கேட்ட இல்ல? தர மாட்டேன், போ!"

அதன் பிறகு அண்ணன் அந்த முடிவைச் செய்யவே இல்லை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு நான்கு ராணிகளைச் சேர்த்துக் காட்டுவார். "அவ்ளோதானா?" என்பார்கள். "மீதி என்னுது இல்ல. கேட்டேன், தரல" என்பார். கடைசி வாரம் கட்டைத் தூக்கவே தெம்பில்லை. அப்போதும் அதே பதில்தான்.

பாடை கட்டும்போது தேவராஜ் வந்தார். மறுபடி குழவியைத் தேடினேன், உண்மையைச் சொல்கிறேன். அவர் யாரையும் பார்க்காமல் நேரே போய் அண்ணனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். மாலை அறுந்து விழுந்தது. "கேளுடா! இன்னொரு தபா கேளுடா! எயுந்து கேளு, குட்த்துர்றேன்!" என்று பிணத்தின் நெஞ்சில் அடித்தார். அவரைப் பிரித்து இழுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. அவர் முடியைப் பிடித்து இழுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணனைக் கடைசிவரை தூக்கி, துடைத்து, ஊட்டிய அண்ணிக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வண்டி ஓட்டிய பாரிவாக்கத்துச் சொந்தங்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

போன மாதம் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்குப் பதிலாக நான் கேட்டேன். அவர் வாயைத் திறந்தபோது அந்த முன்பல் ஓட்டை தெரிந்தது. "குட்த்துட்டேன் தங்கச்சி" என்றார்.

ஆகவே இந்த மலரைப் பெறும் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். 'நாலு ஓரகத்திகள்' வித்தையில் கைவேலை பூந்தமல்லி பாயுடையது. கதை எங்கள் அண்ணனுடையது. முடிவு தேவராஜுடையது. யார் வேண்டுமானாலும் செய்து காட்டலாம், மூன்று பேரையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்கிறவர்கள் கவனத்துக்கு: குழவி என்னிடம்தான் இருக்கிறது.