பெருமுதலாளியும் பக்கத்துக் கடைப் பொட்டலமும்

என்னைப் பார்த்தால் லஞ்சம் வாங்குகிறவர் மாதிரி இருப்பதாகப் படமெடுக்கும் அந்தப் பெண் சொன்னபோது அவள் முகத்தில் கேலி இல்லை. ஆள் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"அரைக்கைச் சட்டை, பாக்கெட்ல பேனா, லேசா தொப்பை. அப்படியே நில ஆபீஸ் அதிகாரி சார் நீங்க. ஒரே ஒரு சீன்தான்."

முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். லஞ்ச வழக்குகளுக்காக நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் பலர் என்னைப் போலத்தான் இருந்தார்கள் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை. ஒப்புக்கொண்டேன்.

அவள் பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் ஒரு மணி நேரப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தாள். கடலைத் தூர்த்து நிலமாக்கும் ஒப்பந்தத்துக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று கழுத்தறுக்கும் கதை. தொழில் பங்காளியை ஏமாற்றி, அதிகாரிகளை விலைக்கு வாங்கி மேலே வரும் பெருமுதலாளிதான் மையப் பாத்திரம். ஒரு தொலைக்காட்சி நிலையம் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். அவளுடைய வருடாந்திர விடுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. எடுக்க வேண்டியது உச்சக் காட்சி ஒன்றுதான். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றுதான் மிச்சம்.

பீச் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் மாடி அறையைக் கொடுத்திருந்தார்கள். நீள மேசை, தோல் நாற்காலிகள், ஜன்னலில் கடல். மூன்று மணிக்குக் குமாஸ்தா வந்து பூட்டிவிடுவார்.

பெருமுதலாளியாக நடித்தவர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். மகனின் திருமணத்துக்குத் தைத்த கோட்டில் வந்து நின்றபோது வாசலில் இருந்த காவலாளி தானாக எழுந்து நின்றார். தோற்றத்தில் குறையே இல்லை. குறை ஒன்றுதான்: அவருக்குக் கொடுமை வரவில்லை.

முதல் வசனத்தை நன்றாகவே சொன்னார். "இந்தத் தீவுல ஒரு கல்லு நகர்ந்தாலும் என்னைக் கேட்டுத்தான் நகரணும்!" மேசையே அதிர்ந்தது. அடுத்து, இருபது வருடப் பங்காளியை அறையை விட்டு விரட்ட வேண்டும். பங்காளியாக நடித்தவர் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர்.

"வெளிய போ! இனிமே என் மூஞ்சில முழிக்காதே!" என்று விரலை நீட்டினார் முதலாளி. தலைமையாசிரியர் தலைகுனிந்து கதவருகே போனார். முதலாளியின் பார்வை ஜன்னலுக்குத் திரும்பியது. "மழ வருது போலருக்கு. கொட இருக்கா சார்?"

"கட்!" என்றாள் அவள். "அண்ணே, அவரை நீங்க விரட்டுறீங்க."

"விரட்டிட்டேன்மா. நனைஞ்சுக்கிட்டு போவணும்னு எழுதலயே."

இரண்டாம் முறை குடையைப் பற்றிக் கேட்கவில்லை. வாசல் வரை கூடப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். மூன்றாம் முறை கதவுப் பக்கம் போகாமலிருக்க அவருடைய நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். உட்கார்ந்தபடியே, "சாப்ட்டுட்டு போங்க" என்றார். வாயில் வந்துவிட்டதாம். கடையில் நாற்பது வருடம் சொல்லிச் சொல்லி, யார் கிளம்பினாலும் அது வருமாம்.

பிறகு என் காட்சி. அவர் கோட்டுக்குள்ளிருந்து உறையை எடுத்து எனக்குக் கொடுக்க வேண்டும். நான் அக்கம்பக்கம் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். உறை கொண்டுவர எல்லோரும் மறந்திருந்தோம். "என்கிட்ட இருக்கு லா" என்று முதலாளி தன் பையைத் துழாவி ஒன்றை எடுத்தார். நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுத்தது போக மிஞ்சிய பச்சை உறை. மேலே, ஓலைப் பின்னலில் வேகவைக்கும் பெருநாள் சோறான கெத்துப்பாட்டின் படம். தூரத்தில் தெரியாது என்று கேமராவைப் பிடித்திருந்த பெண் சொன்னாள். அவள் வங்கி ஊழியர், ஓய்வில் கல்யாண வீடியோ எடுப்பவள், அவசரத்துக்குப் பழகியவள்.

கேமரா ஓடியது. முதலாளி உறையை நீட்டினார். நீட்டியவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, "சிலாமாட் ஹரி ராயா" என்று பெருநாள் வாழ்த்துச் சொன்னார்.

நான் செய்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "மாஃப் சாஹிர் பாத்தின், அண்ணே" என்று பெருநாள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டேன். பினாங்கில் பச்சை உறையை வாங்கிக்கொண்டு வேறு எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "அண்ணே, இது லஞ்சம்."

"லஞ்சம்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டா குடுப்பாங்க? சிரிச்சுத்தான் குடுப்பாங்க. வேணும்னா சார கேளு, கோர்ட்டுலயே கெடந்தவரு."

உண்மையில் அவர் சொன்னது சரி. நீதிமன்றத்தில் கேட்ட சாட்சியங்களில் லஞ்சம் கொடுத்தவர் எவரும் கடுகடுத்ததாக நினைவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, அதைச் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்றரை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றாள். "சார், சாப்பாடு சொல்லிட்டீங்களா?"

அங்கேதான் நான் தவறு செய்தேன். முதலாளி தன் கடையிலிருந்து சாப்பாடு வரவழைக்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். நடிப்பது போதாதென்று சோறும் போட வேண்டாம் என்று அவள் மறுத்து, அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை வரிசை தெரு முனை வரை நிற்கும். இரண்டு வாசல் தள்ளி இன்னொரு நாசி கண்டார் கடை இருக்கிறது. அங்கே வரிசை இல்லை. மீன்முட்டைக் குழம்பும் பிரமாதம். இரண்டு கடைக்காரர்களும் பதினைந்து வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். செய்தியாளனுக்குத் தெரியாமலா? ஆனால் பொட்டலத்தை வாழையிலையிலும் காகிதத்திலும் மடித்துத்தானே தருவார்கள், யாருடையது என்று எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

ஒன்பது பொட்டலங்களும் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் வந்தன. பையின் இரண்டு பக்கமும் கடையின் பெயர் சிவப்பில், உள்ளங்கை அகல எழுத்தில் இருந்தது. கொண்டுவந்த ஆள் அதை மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பைப் பக்கம் திரும்பினார்கள்.

முதலாளி பையைப் பார்த்தார். நிதானமாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். விரல் நுனியால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். கண் சுருங்கி, நெற்றியில் ஒரு நரம்பு தெரிந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"யார் வாங்குனது?"

ஒன்பது பேரில் எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளா அங்க சாப்புடுறீங்க?" என்று என்னிடம் கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"வெள்ளிக்கிழம மட்டும்தாண்ணே" என்றேன்.

"கேமரா" என்று அவள் முணுமுணுப்பது கேட்டது. பிறகு முதலாளியின் காதருகே குனிந்தாள். "அண்ணே, மூஞ்சி மாறக்கூடாது. அப்படியே வசனத்த சொல்லுங்க. மொதல்லேருந்து."

அவர் சொன்னார். ஒரு பக்க வசனம் முழுவதையும், கத்தாமல், எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். தீவும் கல்லும் பற்றி அவர் சொன்னதை அப்போது நான் நம்பினேன். பச்சை உறையை மேசையில் எறிந்தார். அது வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது. அக்கம்பக்கம் பார்க்க மறந்து அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். "வெளிய போ" என்றார், விரலை நீட்டாமலே. தலைமையாசிரியர் எழுந்து போனார். கதவோடு நிற்கவில்லை. படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார். அவரைப் பிடித்து வர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

மணி இரண்டே முக்கால். "பாதுகாப்புக்கு இன்னொரு தடவ எடுத்துருவோம்ணே" என்றாள். ஆனால் அதற்குள் கோபம் வடிந்திருந்தது. "பாவம், ஹெட்மாஸ்டர் இன்னும் சாப்பிடல" என்று ஆரம்பித்தார் முதலாளி. குமாஸ்தா சாவியோடு வந்து நின்றார். ஆக, தேறியது அந்த ஒரு முறை எடுத்தது மட்டும்தான்.

திங்கட்கிழமை சம்பளமில்லா விடுப்புப் போட்டிருந்த அவள், மத்தியானம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வெட்டித் தொகுத்துவிட்டாள், காட்சி அற்புதமாக வந்திருக்கிறது. ஆனால் மேசை நடுவில் அந்தப் பை, நான்கு நிமிடமும். கடைப் பெயர் முதலாளியின் முகத்துக்கு நேர் கீழே, தலைப்பு மாதிரி. அதை மங்கலாக்கித் தருகிறவர் ஒரு வாரம் கேட்கிறார். முதலாளி வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன் என்றாள். என்னையும் கூட வரச் சொன்னாள். குற்றவாளி நான் என்பதால் போனேன்.

நான்கு மணிக்கு அவர் கடையின் கடைசி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். கைலியில் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்த்தபோது அந்தப் பெண் தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கடைப் பேரு, பெருசா தெரியுது."

"தெரியுதுண்ணே."

"நான் நடிச்ச படம். வெளம்பரம் அவனுக்கு."

அவள் கணினியை மூடப் போனாள். இரண்டு வருடத்து வார இறுதிகள் அந்தக் கையில் இருந்தன. அவர் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"இரு லா. பேரப் பாக்குறவன் மூஞ்சியையும் பாப்பான்ல?" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "என் மூஞ்சி எப்படி இருக்கு சார்? உள்ளதச் சொல்லுங்க."

"பயமா இருக்குண்ணே."

"அப்ப அனுப்பு."

கோப்பு பெரியது. கடையின் வைஃபையில் ஏற்ற ஆரம்பித்தாள். நான்கு இருபதுக்கு எட்டு சதவீதம் ஏறியிருந்தது. நான்கரைக்கு ஒன்பது. கடை நிறைய ஆட்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு கைப்பேசி, ஒவ்வொன்றிலும் பந்து விளையாட்டு. அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி எழுந்து கல்லாவுக்குப் போனார். தன் கைப்பேசியில் எதையோ தட்டி, வைஃபையின் புதுக் கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் மட்டும் கொடுத்தார். கடை முழுக்கப் பந்து ஒரே நேரத்தில் நின்றது.

"அண்ணே, லைன் போச்சு!"

"தவுக்கே, என்னா இது, பெனால்டி லா!"

அவர் கல்லாவில் கையூன்றி நின்றார். அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கூச்சல் அடங்கியது.

"கொழம்பு ஆறுது. சாப்பிடுங்க" என்றார்.

நான்கு ஐம்பத்தொன்றுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.