அவள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை

என் மகளை நான் பொய் சொல்லித்தான் பறித்தேன். அவள் தாயிடமிருந்து... எட்டு வயதுக் குழந்தையைப் பயமுறுத்திப் பறித்தேன்.

‘கோர்ட் கொடுத்ததுதானே’ என்பீர்கள். ஊரும் அதைத்தான் சொன்னது. மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்! தனியாளாக நின்று பெண்ணை வளர்க்கும் தகப்பன்... அந்தப் பெயரை நான் வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

வித்யா என்னைவிட்டுப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நான் அடித்தவனில்லை, குடித்தவனில்லை. அவள் பேசினால் நான் காதில் வாங்கியதில்லை, அவ்வளவுதான். நந்தினியை அழைத்துக்கொண்டு செம்பூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். விவாகரத்து கேட்டாள், கொடுத்தேன். குழந்தையையும் கேட்டாள். அங்கேதான் எனக்குள் ஏதோ முரண்டு பிடித்தது.

பாசமா அது? பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இல்லை... தோற்கக்கூடாது என்ற வெறி. குழந்தையின் டீச்சர் பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது!

வழக்கு நடந்த நாட்களில் ஞாயிறுதோறும் நந்தினி என்னிடம் வருவாள். குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப்போவதாக நீதிபதி சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய ஞாயிறு, ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் அவள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள்.

“கண்ணா, ஜட்ஜ் ஆன்ட்டி யாரோட இருக்கணும்னு கேட்பா. அம்மாவோடன்னு நீ சொல்லிட்டா அப்பா செத்துப் போயிடுவேன்.”

ஊஞ்சலைக் காலால் தேய்த்து நிறுத்தினாள்.

“நிஜமாவா?”

“சத்தியமா.”

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்... பெரிய மனுஷியைப் போல.

நீதிபதியின் அறையிலிருந்து வெளியே வந்தவள் தாயின் முகத்தைப் பார்க்கவேயில்லை. நேராக என்னிடம் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ‘அப்பாவோடதான் இருப்பேன், அம்மா வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாள். வித்யா அந்த வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வக்கீல் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தார்... அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் வென்றேன். வென்றது என்ன? விடுமுறை நாட்களில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வேன். மூக்கின் கீழே ஏதோ குறுகுறுக்கும். விழித்தால் நந்தினியின் சின்ன விரல்... நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்!

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாளோ என்று பயம்.

வாரம் ஒருநாள் தாயோடு அனுப்பச் சொல்லி உத்தரவு இருந்தது. வித்யா வாசலில் வந்து நிற்பாள். “அப்பாக்கு உடம்பு சரியில்லேம்மா” என்பாள் குழந்தை. நான் உள்ளே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ‘போயிட்டு வாடி, எனக்கு ஒண்ணும் ஆகாது’... இந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

“குழந்தைகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேள்?” என்று வித்யா ஒருமுறை கேட்டாள்.

“நான் என்ன சொல்றது? அவளுக்கே உன்னைப் பிடிக்கலே.”

அதன்பின் அவள் வாதாடவில்லை. தொலைவில், கோபர்கைரனேயில், தான் வேலை பார்க்கும் இடத்துக்கருகே வீடு பார்த்துக்கொண்டு போனாள். வருவது குறைந்து, போன் பேச்சோடு நின்றது. போனிலும் அந்த இருவரும் விருந்தாளிகளைப் போல ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த வருடம் நந்தினிக்குப் பெங்களூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. போகமாட்டேன் என்றாள். “உன்னை யார் பார்த்துப்பா?” என்றாள். அன்றுதான் என் நெஞ்சு உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்... செத்துப் போயிடுவேன்னு சொன்னது பொய்யம்மா, கேஸ்லே ஜெயிக்கறதுக்காக நான் சொன்ன பொய்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்ப்பா. ஏழாவது படிக்கறச்சேயே புரிஞ்சுடுத்து.”

“தெரிஞ்சுமா அம்மாகிட்ட போகலே?”

“எந்த மூஞ்சியோட போறது? அம்மா வேண்டாம்னு ஜட்ஜ்கிட்ட சொன்னது நான்தானே? நீ இல்லையே.”

ஐயோ... என் பாவத்தை இத்தனை வருடம் அவள் தன்னுடையது என்று சுமந்திருக்கிறாள்!

“நான் வித்யாகிட்ட சொல்லிடறேன்டி. இப்பவே போன் பண்றேன்.”

“வேண்டாம்.” முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. “எனக்கு அவளைப் பிடிக்கலேன்னு நினைச்சு எப்படியோ மனசைத் தேத்திண்டுட்டா. நான் பயந்துண்டுதான் வரலேன்னு தெரிஞ்சா, அம்மா தாங்கமாட்டா. ப்ளீஸ்ப்பா.”

பெரியவர்கள் செத்துவிடாமல் காப்பது தன் வேலை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இப்போது தாயையும் காக்கிறாள்.

அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேனா, அல்லது அதையே சாக்காக்கி ஒளிந்துகொள்கிறேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை... முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். கேட்கவேண்டியவளோ கோபர்கைரனேயில் இருக்கிறாள், தான் பெற்ற பெண் தன்னை வெறுத்தாள் என்று நம்பிக்கொண்டு.