ஷாடி என்றால் ஒசத்தி

எங்கள் துணிக் கம்பெனிக்கு, சரக்கு வாங்கியவர் அனுப்பிய மெயிலை மகன் வாசித்தான். நம் சரக்கு 'ஷாடி'யாம். அந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

எழுபதுகளில், பனியன் கம்பெனியில் கழித்த வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு அம்மா எனக்குப் பாவாடை தைத்தாள். எத்தனை அலசியும் சாயவாடை போகாது. இங்கிலீஷ் வாத்தியார் அதைக் காட்டி, "ஷாடி" என்று சிரித்தார்.

நான் சொல்லக் கேட்டு அம்மா அவரிடமே போய், "அப்படீன்னா என்னங்க சார்?" என்று கேட்டாள்.

"ஒசத்தித் துணின்னு அர்த்தம்மா" என்றார், முகம் மாறாமல்.

பாவி மனுஷன்! அம்மா வீதியெல்லாம், "எங்க கண்ணுது ஷாடிப் பாவாடைங்க" என்று பெருமை பேசினாள்.

ஷாடி என்றால் மட்டமானது என்ற அர்த்தம் எனக்குக் காலேஜில்தான் தெரிந்தது.

"சீமையில கந்தலைப் பிரிச்சு, மறுபடி நூலாக்கி நெய்த கம்பளிக்கு வெச்ச பேரு அது" என்றேன் மகனிடம். "அதைப் போத்திக் குளுரு போக்குனவன் அதை வசவாக்கலை கண்ணு. பொட்டி நெறையத் துணி வெச்சிருந்தவன்தான் ஆக்குனான்."