மாகறல் பிக்கப்புக்குப் போட்ட பட்டைகள்

வண்டியின் பாரம் தாங்கும் வில்பட்டைகளைப் பார்க்கிற கமான் பட்டறைக்குச் சந்தோஷமாக யாரும் வருவதில்லை. வண்டியின் பின்பக்கம் கத்த வேண்டும், இல்லையென்றால் தரையில் உட்கார வேண்டும், அப்போதுதான் எங்கள் ஞாபகம் வரும். வண்டி வைத்துக்கொண்டு முதுகு போனவர்களே, உங்களுக்கு இது தெரியாததல்ல. ஓரிக்கை ரோட்டில் நானும் வெல்டர் மஸ்தான் பாயும் எத்தனையோ வண்டி பார்த்தாயிற்று. மாகறல் ஏழுமலையின் பிக்கப்பை மட்டும் மறக்க முடியவில்லை.

சத்தம்

ஏழுமலையின் மனைவி கோமதிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு போக வேண்டும். பஸ்ஸில் நிற்க முடியாது என்று பிக்கப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போவார். பள்ளம் வந்தால் பின்பக்கம் கிரீச்சிடுகிறது, அவளுக்குத் தலை வெடிக்கிறது, சத்தமே வரக்கூடாது என்று வந்து நின்றார்.

தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி, கமான் பட்டைகளுக்கு நடுவே நைலான் துண்டு வைத்து முடுக்கினோம். வண்டி பூனை மாதிரி போனது. அடுத்த முறை வந்தபோது, இப்போது எப்படி என்று கோமதியையே கேட்டேன்.

“முன்னல்லாம் சத்தத்துல இவரு பேசறதே காதுல உழாதுண்ணா. இப்ப ‘உனக்குச் சரியாப் பூடும்’னு சொல்ற பொய்யெல்லாம் நல்லா கேக்குது.”

இழுவை

சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இழுத்துப் போகும் வேலை ஏழுமலைக்குக் கிடைத்தது. டிரெய்லரை மாட்டியதும் பிக்கப் குந்திக்கொண்டது. ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தது. பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார்.

போட்டால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், கோமதி தாங்கமாட்டார் என்றேன். இந்த வேலை இல்லாவிட்டால் செங்கல்பட்டு போக டீசலே கிடையாது என்றார். போட்டுக் கொடுத்தோம். மஸ்தான் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வண்டிக்கு வைத்தியம் பாத்தாச்சு ஏழுமல. வலி மட்டும் இனிமே உங்க வூட்டம்மாவுக்கு.”

மணல் மூட்டை

பாய் வாயில் என்ன இருந்ததோ. டயாலிசிஸ் முடிந்து திரும்பி வரும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டதில், ஊசி குத்தியிருந்த கை கதவில் இடித்து கோமதியின் புடவையெல்லாம் ரத்தம். ஏழுமலை பட்டையைக் கழற்றச் சொல்லி ஓடிவந்தார். அடுத்த புறப்பாடு வந்ததும் மறுபடி மாட்டச் சொன்னார். கழற்றுவதும் மாட்டுவதுமாக எங்களுக்கு வெறுத்துப் போனது. அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வராது.

கடைசியில், எங்கள் தொழிலில் செய்கிற வழியைச் சொன்னேன். பட்டை அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆஸ்பத்திரி போகும் நாளில் மட்டும் பின்னால் மணல் மூட்டை ஏற்றிக்கொள்ள வேண்டியது. பாரம் இருந்தால் முரட்டுப் பட்டையும் அடங்கும். அடங்கியது. கோமதி சிரித்தார்.

“வழியிலயே நான் பூட்டாலும் கவல இல்லண்ணா. மண்ண கையோட எடுத்துக்கினு வர்றாரு.”

இன்னொரு பட்டை

ஆடி பிறந்ததும் ஏழுமலை தனியாக வந்தார். பெரிய ஜெனரேட்டராம், பக்கத்துக்கு இன்னொரு பட்டை வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். இதற்கு மேல் போட்டால் மணல் மூட்டையும் காப்பாற்றாது, கட்டினவள் உயிரோடு இருக்க வேண்டுமா வேண்டாமா, நீயெல்லாம் மனுஷனா என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மஸ்தான் பாய் என் தோளைத் தொட்டார், அப்போதும் நான் நிறுத்தவில்லை. நான் முடித்ததும் ஏழுமலை வண்டிச் சாவியை நீட்டினார்.

“போடுண்ணா. இனிமே வண்டில நான் ஒருத்தன்தானே.”

வண்டி வந்ததும் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்கத் தெரிந்த எங்களுக்கு, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.