வாய் திறக்காத கார்

பூண்டுலோயாவுக்குப் பெண் பார்க்கப் போவது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். முன்பு தட்டிப்போன சம்பந்தங்களைப் பற்றிய பேச்சே அங்கு இன்னும் ஓயவில்லை. அதனால்தான் தலவாக்கலையில் அந்த வாடகைக் கார்க்காரரைப் பிடித்தேன். காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாய், வெற்றிலைச் சிவப்பேறிய மீசை. கார் என் அப்பாவைவிட மூத்தது.

"புதுக் காரெல்லாம் இன்டர்நெட்ல ஓடுதுங்க தம்பி. எங்க போறீங்க, எங்க நிக்கிறீங்க, எல்லாத்தையும் கம்பெனிக்குச் சொல்லிரும். நம்ம காரு வாயே தொறக்காது" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். அது அந்தப் பக்கமெல்லாம் பிரசித்தம் என்பது எனக்குத்தான் தெரியாது. வழியில் கோயிலைக் கண்டால் ஹோன் அடித்துக் கும்பிடுவார். சும்மா போனால் சின்னதாக ஒன்று. நல்ல காரியத்துக்குப் போனால் மலையே அதிர நீளமாக.

பூண்டுலோயா ரோடு எங்கள் தோட்டத்தைத் தாண்டித்தான் போகிறது. அங்கிருந்த மாரியம்மன் கோயிலுக்கு மிக நீளமாக அடித்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். நான் சீட்டுக்குக் கீழே குனிந்தேன்.

"குனியாதீங்க சேர், தல தெரியுது. பொண்ணு எந்த ஊரு?" என்று மலையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

பெண் வீட்டுப் படியேறும்போதே தேத்தண்ணி மணந்தது. "மேல் வளைவுக் கோயில்லயே நீள ஹோன் கேட்டுச்சுங்க. அப்பவே கேத்தல அடுப்புல வச்சிட்டேன்" என்று சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கும் அவர்தான் கார் ஓட்டினார். என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "பொண்ணு பாக்கப் போனது கடைசிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல பாத்தீங்களா" என்றார்.

கிண்டல் என்கிறாள் மனைவி. மனுஷன் நம்பித்தான் சொன்னார் என்கிறேன் நான். வீட்டில் இன்னும் சண்டை தீரவில்லை.